கல் கடற்கரைக்கு அரை மைல்

கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் புத்தி, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் என்பது. எங்கள் துறைமுக ஊரான ஓலெசுண்டில் மழை தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களிடமே அது ஒரு வார்த்தை கேட்டதில்லை. எட்டு மணி நேரத்துக்கு வந்திருக்கிற உங்களிடமா கேட்கப் போகிறது?

இரண்டாவது, சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். மூன்றாவது, ஜன்னலில் விளக்கு எரிகிறதே என்று உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அது எங்கள் சமையலறை, கண்காட்சி இல்லை. நான்காவது, துறைமுகத்துக்கு நேர் எதிரே இருக்கிற கடைகளில் சாப்பிடாதீர்கள். இரண்டு தெரு தள்ளிப் போனால் ஸ்வேலே சூடாகக் கிடைக்கும். தடிமனான அப்பம் மாதிரி சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, இரண்டாக மடித்துக் கையில் கொடுப்பார்கள். தட்டு கேட்டுத் தொந்தரவு பண்ணாதீர்கள்.

இதையெல்லாம் நானே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நகராட்சிக்காரர்கள் படித்துவிட்டு, கொஞ்சம் இனிமையாக எழுதக் கூடாதா என்று கேட்டார்கள். இனிமை வேண்டுமென்றால் கேக் கடைக்கு அனுப்புங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே நகல் எடுத்துக் கொடுத்தார்கள். வழவழப்பான வண்ணப் புத்தகங்களையெல்லாம் விட்டுவிட்டுப் பயணிகள் என் தாளைத்தான் கேட்டு வாங்கிப் போனார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்?

என் பெயர் குன்வோர். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டினேன். தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கோடைக்காலங்களில் மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு துறைமுகத்தில் பயணிகளுக்கு வழி சொல்கிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஹால்கெய்ர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சாக்ஸ் பின்னுவான். கேட்டால் ஒழிய வாயைத் திறக்க மாட்டான், கேட்டாலும் பாதிதான் சொல்வான்.

இந்தக் கப்பல் பயணிகளுக்கு நடக்கத் தெரியாது என்பது என் தீர்மானம். அரை மைல் போய்விட்டு வந்து நாக்குத் தள்ள நிற்பார்கள். "இது அரை மைலா?" என்று தாளைக் காட்டி முறைப்பார்கள். அவர்கள் போனதும் நான் ஹால்கெய்ரிடம், "மூணு வேளையும் மூக்கு முட்டத் தின்னத் தெரியுது, அரை மைல் நடக்கத் தெரியல," என்பேன். அவன் ஊசியில் இருக்கிற கண்ணிகளை எண்ணிக்கொண்டே "ம்" என்பான். மூன்று கோடை இப்படியே போனது.

நான் சொல்ல வந்தது ஒரு ஜூலை மாதத்துப் பகல். அதற்கு முன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நல்ல வெயில். அப்படி அடித்தால் மூன்றாம் நாள் கடல் மூடுபனியை அனுப்பிவைக்கும், அது இங்கே வழக்கம். காலையில் தீவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு கலங்கரை விளக்கம் போனது. பத்து மணிக்கெல்லாம் துறைமுகத்தில் நிற்கிற கப்பலின் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது, மேல்பாதி எங்கே என்று தெரியவில்லை. குளிர் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் வெள்ளையாக, தூக்கக் கலக்கத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. நாலு தெரு தள்ளி யாரோ கோப்பையில் கரண்டி போட்டுக் கலக்குகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மனிதர் வந்தார். எண்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நெட்டையான உடம்பு, துவைத்துத் துவைத்து நிறம் போன நீலத் தொப்பி.

"கல்லு பொறுக்க நல்ல இடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"கல்லா? இந்த நாடே கல்லுதான். குனிஞ்சு எடுத்துக்கங்க."

அவர் சிரித்தார். "அப்படி இல்லம்மா. உருண்டையா, வழவழன்னு, கைக்குள்ள அடங்கணும். கடல் உருட்டின கல்லா இருக்கணும். என் வீட்டுக்காரிக்கு."

அவர் பெயர் எம்லின், மனைவி பெயர் நெரிஸ், வேல்ஸ் பக்கம் ஒரு கடலோர ஊர். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். என் மேசைக்கு வருகிற பாதிப் பேர் வழி கேட்க வருவதில்லை, பேசத்தான் வருகிறார்கள்.

"அவளுக்கு ஞாபகம் நிக்கறதில்ல. சில நாள் காலைல என் பேரே வராது. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கல்லு எடுத்துட்டு வந்து கைல குடுத்துடுவேன். அது மட்டும் மறக்கறதில்ல. ஆறு கல்லு கேபின் ஜன்னல்ல வரிசையா இருக்கு. ஒண்ண எடுத்துக் குடுத்தா, இது எந்த ஊரு, அன்னிக்கு நான் எப்படி நனைஞ்சு வந்தேன், எல்லாம் சொல்லிடுவா."

"இப்ப தனியாவா இருக்காங்க?"

"கேபின்ல தூங்கறா. மாத்திரை போட்டா மூணு மணி வரைக்கும் அசையமாட்டா. முழிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும், அதுதான் முக்கியம்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "போன வருஷம் ஒரு நாள் நான் இல்லாதப்ப முழிச்சுட்டா. பயந்து போயிட்டா. அப்புறம் ஒரு வாரம் என்னைக் கிட்டவே சேர்க்கல. யாரோ ஒருத்தன் வந்து தன் புருஷன் மாதிரி நடிக்கறான்னு சொன்னா. பக்கத்து அறைல படுத்துக்கிட்டு அவ அழறதக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

தாளை எடுத்து, கடைசியில் இருந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த வரி இப்படி இருந்தது: கல் கடற்கரை, அரை மைல். கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள். வழி தவறவே முடியாது.

"மூணு மணிக்குள்ள போயிட்டு வந்துட முடியுமா?"

"தாராளமா. என் அத்தைக்கு எண்பத்திநாலு வயசு, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிட்டு வர்றா."

"அரை மைல்தானே. நான் நாப்பது வருஷம் தபால் குடுத்தவன்." தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப நேரம் நெறைய இருக்கு. மொதல்ல உங்க ஸ்வேலேவ ஒரு கை பாத்துட்டுப் போறேன்."

அவர் பனிக்குள் நடந்து மறைந்தார். இவ்வளவு சாவகாசமாகப் போகிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. தபால்காரர் கால், வேகமாக நடப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டேகாலுக்கு இன்னொருவர் வந்தார். அதே கப்பல், சிவந்த முகம், கையில் எல்லாவற்றையும் அளக்கிற கடிகாரம். தாளை மேசையில் போட்டார்.

"இது அரை மைல் இல்லம்மா. கடிகாரத்தப் பாருங்க. போறதுக்கு மட்டும் அஞ்சு கிலோமீட்டர்."

"அதைத்தானே எழுதியிருக்கேன். அஞ்சு கிலோமீட்டர்னா அரை மைல்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கப்பலைப் பார்த்து நடந்தார். நான் வழக்கம்போல் ஹால்கெய்ரின் பக்கம் திரும்பினேன், நக்கலாக ஏதாவது சொல்லலாம் என்று. அவன் பின்னுவதை நிறுத்தியிருந்தான்.

"குன்வோர், அவங்க மைல் வேற."

"வேறன்னா?"

"நம்ம நாட்டு மைல் பத்து கிலோமீட்டர். அவங்களோடது ஒண்ணரைக்குக் கொஞ்சம் மேல."

பிறந்ததிலிருந்து எனக்கு மைல் என்றால் பத்துக் கிலோமீட்டர்தான். கோடை வீட்டுக்கு எத்தனை மைல், பேருந்து எத்தனை ஆயிரம் மைல் ஓடியிருக்கிறது என்று பேசிப் பேசி, உலகம் முழுக்க மைல் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"இத ஏன்டா மூணு வருஷமா சொல்லல?"

"நீ கேக்கல."

"நீயெல்லாம் நிலத்த அளந்து கிழிச்ச."

"நீ வேணும்னேதான் எழுதியிருக்கேன்னு நெனச்சேன்," என்றான் ஹால்கெய்ர். "கொஞ்சம் நடக்கட்டும்னு."

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன், அப்போதுதான் நீலத் தொப்பி ஞாபகம் வந்தது. அவர் மனக்கணக்கில் இதைப் பத்து நிமிட நடை என்று வைத்திருப்பார். ஸ்வேலே சாப்பிட்டு, எங்கேயாவது கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு மணிக்கு மேல் கிளம்பியிருப்பார். அடுத்த வளைவில் வந்துவிடும், அடுத்த வளைவில் வந்துவிடும் என்று இன்னும் நடந்துகொண்டிருப்பார். மூன்று மணிக்கு அந்த அம்மா கண் விழித்துப் பக்கத்தில் தடவிப் பார்ப்பாள்.

"நான் காரை எடுத்துட்டுப் போறேன்," என்றேன். "நீ கப்பல் வாசலுக்குப் போய்ச் சொல்லு. நெரிஸ்னு ஒரு அம்மா, கேபின்ல தூங்கறாங்க. யாராவது பக்கத்துல போய் உக்காரணும். நல்ல மாதிரி ஆளா பாத்து அனுப்பச் சொல்லு."

"மேசைல யாரு இருக்கறது?"

"மேசைய எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். போ."

என் கார் வீட்டு வாசலில், மேட்டுத் தெருவில். மூச்சு வாங்க ஏறிப்போய் எடுத்தேன். பாலத்தைத் தாண்டி ஹெஸ்ஸா தீவுக்குள் நுழைந்ததும் பனி இன்னும் கெட்டியானது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடிய சாலை அது, கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுவதுதான் அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து, நின்று, பின்னால் போயின. ஒரு வீட்டுத் தோட்டத்தில் வெள்ளைப் போர்வைகள் காயப் போட்டிருந்தார்கள், எது போர்வை எது பனி என்று தெரியவில்லை. இவ்வளவு வருடம் ஓட்டிய பாதையில் எனக்குப் பயமாக இருந்தது.

சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கல் கடற்கரையில் அலை வந்து திரும்பும்போது கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். படகுக் கொட்டகைப் படியில் நீலத் தொப்பி தெரிந்தது. எம்லின் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

"அவசரத்துல வழுக்கிட்டேன்," என்றார். "மணி என்ன?"

"மூணு அடிச்சு அஞ்சு நிமிஷம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாதி வழியிலயே சந்தேகம் வந்துச்சு," என்றார் பிறகு. "ஆனா உங்க தாள்ல எழுதியிருந்ததெல்லாம் சரியா இருந்துச்சு. அந்த அப்பக் கடை, சைக்கிள் பாதை, எல்லாம். இது மட்டும் எப்படித் தப்பா இருக்கும்னு நடந்துக்கிட்டே இருந்தேன்."

இதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மைல் கதையை அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, என் தங்கையைக் கேட்டால் சொல்வாள். அவர் என் கையில் தட்டிக் கொடுத்து, எழுந்து நிற்கக் கை நீட்டினார். அவரைத் தாங்கிப் பிடித்து மெதுவாகக் காரில் ஏற்றி உட்கார வைக்கவே கால் மணி நேரம் ஆனது.

அப்போது ஹால்கெய்ர் கூப்பிட்டான்.

"கேபின்ல யாரும் இல்ல," என்றான். அவன் குரலை அப்படி நான் கேட்டதில்லை. "சீக்கிரமே முழிச்சுட்டாங்க போல. ரெண்டே முக்காலுக்கு கேபின் அட்டையக் காட்டிட்டு வெளிய போயிருக்காங்க. நான் அந்தப் பக்கம் அதிகாரிகிட்ட பேசிக்கிட்டிருந்தப்ப இந்தப் பக்கமா எறங்கிப் போயிருக்காங்க. நம்ம மேசைல இருந்து உன் தாள் ஒண்ண எடுத்துக்கிட்டாங்களாம். ஐஸ்கிரீம்காரி பாத்திருக்கா. மன்னிச்சுடு குன்வோர்."

எம்லினுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. மூடுபனியில் சத்தம் அப்படித்தான். "கடல் வலக்கைப் பக்கம்," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னலை இறக்கினார்.

நடந்து போகிற வேகத்தில் காரை ஓட்டினேன். அவர் தலையை வெளியே நீட்டி, கடலோரப் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் மிரண்டு தண்ணீர்ப் பக்கம் இறங்கிவிடுவாள் என்றார். நான் உள்ளே கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடவுளுக்கும் எனக்கும் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் பேச்சுவார்த்தை, இருந்தாலும் கூப்பிட்டேன். எல்லாரும் கப்பலேற வேண்டிய நேரம் நாலு மணி, நாலரைக்குக் கப்பல் கிளம்பும். மூன்று நாற்பதுக்கு எதிரே வெள்ளைக்குள் ஒரு வெள்ளை உருவம் அசைந்தது.

சின்ன உருவமான அம்மா. கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தாள். காலில் கப்பல் அறையில் கொடுக்கிற மெல்லிய வெள்ளைச் செருப்பு, நனைந்து கறுத்திருந்தது. முழங்கையில் கைப்பை. என் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தாள். வலக்கைப் பக்கம் கடல் இருந்தது.

எம்லின் நொண்டிக்கொண்டு இறங்கிப்போய் அவள் எதிரே நின்றார். அவள் மரியாதையாகப் புன்னகைத்தாள். முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. ஆனால் குரலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க போறீங்க?" என்று கேட்டார்.

"கல்லு கடற்கரைக்கு. எங்க வீட்டுக்காரர் அங்க இருக்கார். எனக்காகக் கல்லு பொறுக்கறார்."

"ரொம்ப தூரமோ?"

"அரை மைல்தான்," என்றாள் நெரிஸ். தாளைத் தூக்கிக் காட்டினாள். "எழுதியிருக்காங்க பாருங்க. வழி தவறவே முடியாதாம்."

நான் காரை விட்டுக் குதித்து இறங்கினேன். "ஏறுங்கம்மா, ஏறுங்க. கப்பலுக்கு இன்னும் நேரம் இருக்கு. இதோ இவர்தாம்மா உங்க வீட்டுக்காரர்."

"தெரியாதவங்க வண்டில நான் ஏறமாட்டேன்."

"பத்து நிமிஷம்மா. போயிடலாம்." அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் கையை உதறிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டாள். தாள் கீழே விழுந்தது.

"விடுங்க," என்றார் எம்லின்.

"கப்பல் போயிடும்."

"இழுத்து ஏத்தினா ஏத்திடலாம். அவ எடை ஒண்ணுமே இல்ல." அவர் குனிய முடியாமல் குனிந்து தாளை எடுத்து, துடைத்து, அவள் கையில் கொடுத்தார். "ஆனா அப்புறம் அந்த அறைக்குள்ள அவ யாரோட இருப்பா? தன்னைப் பிடிச்சு இழுத்த ஒரு ஆளோட. கப்பல் போகட்டும்."

அவர் அவளிடம் திரும்பி, "நானும் அந்தப் பக்கம்தான் போறேன். கூட வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க. ஆனா வேகமா நடக்கணும். எங்க வீட்டுக்காரர் தபால்காரர், வேகமா நடக்கறவர்." இரண்டடி போய்விட்டு அவர் காலைப் பார்த்தாள். "அடிபட்டிருக்கே. என் கையப் பிடிச்சுக்கங்க."

அவர் பிடித்துக்கொண்டார்.

நான் காரைத் திருப்பி, சிமிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் ஊர்ந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. மஞ்சள் விளக்கு எரியும்போது இரண்டு முதுகு தெரியும், அணையும்போது வெள்ளை மட்டும். எரியும்போது மறுபடி இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள். தன் வீட்டுக்காரரைப் பற்றி அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். குறட்டை விடுவாராம். தேநீரைச் சூடாகக் குடிக்கத் தெரியாதாம். நல்ல மனுஷர்தான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லையாம். எம்லின் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு நடந்தார்.

கடற்கரை வந்தது. அவள் கையை விட்டுவிட்டுக் கற்களின் விளிம்பில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இங்க யாரும் இல்லையே."

அவள் முகம் மாறத் தொடங்கியது. தாளைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். நான் காரிலிருந்து இறங்கி நின்றேன். அந்தத் தாளை எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

எம்லின் அவளைத் தாண்டி, வழுக்குகிற கற்களின் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து, தண்ணீர் வரைக்கும் இறங்கினார். பாதி பனிக்குள் போனதும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். முழங்கால் எப்படி வலித்திருக்குமோ. ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, கீழே போட்டார். இன்னொன்றை எடுத்து, கால்சட்டையில் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எம்லின்," என்றாள் நெரிஸ்.

அவர் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"எம்லின், எவ்வளவு நேரமா? தூங்கி எழுந்து பாத்தா ஆளக் காணோம். இந்தக் குளிர்ல தண்ணிப் பக்கம் நின்னுக்கிட்டு. வா மேல."

அப்போதுதான் நிமிர்ந்து திரும்பினார். மேலே ஏறி வந்து அவள் உள்ளங்கையை விரித்து, கல்லை வைத்து மூடினார். சாம்பல் நிறக் கல், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு?"

"அரை மைல்," என்றார் எம்லின்.

"நல்ல பேரு." என்னைத் திரும்பிப் பார்த்தாள், இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல். "இவங்க யாரு, ஏன் அழறாங்க?"

"வழி சொன்னவங்க."

"நல்ல வழிதான்," என்றாள் என்னிடம். "கொஞ்சம் நீளம்."

காரில் எப்போதும் ஒரு போர்வையும் குடுவையில் காபியும் வைத்திருப்பேன். போர்வையைப் படகுக் கொட்டகைப் படியில் விரித்து இருவரையும் உட்கார வைத்தேன். நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு என் கம்பளிச் சாக்ஸை அவள் காலில் மாட்டினேன். ஹால்கெய்ர் பின்னிக் கொடுத்த சாக்ஸ். அவன் அதற்குள் மறுபடி கூப்பிட்டான். கப்பல் அதிகாரிகள் இவர்களுடைய கடவுச்சீட்டு இரண்டையும் துறைமுக அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். நாளைக் காலை கப்பல் ஓண்டால்ஸ்னெஸில் நிற்கும், அங்கே ஏறிக்கொள்ளலாமாம்.

"ஜன்னல்ல ஆறு கல்லு இருக்கு," என்றார் எம்லின். "யாரும் எடுத்துப் போட்டுட மாட்டாங்களே?"

அதையும் ஹால்கெய்ரிடம் சொன்னேன். ஒரு கல்லைத் தொட்டாலும் நான் ஓண்டால்ஸ்னெஸுக்கே வந்து பேசிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்லச் சொன்னேன். "இன்னிக்கு எங்க வீட்ல படுத்துக்கங்க," என்றேன் அவர்களிடம். "காலைல நானே காரில கொண்டுபோய் விடறேன்."

"எவ்வளவு தூரம்?"

"பன்னெண்டு மைல்."

எம்லின் கோப்பைக்கு மேல் என்னைப் பார்த்தார். "எந்த மைல்?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நெரிஸும் சேர்ந்து சிரித்தாள். அவர் தோளில் சாய்ந்துகொண்டு, கல்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

நாலரைக்கு ஊர்ப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் வந்தது. நீளமான, கனத்த ஒரு ஊதல். எம்லின் கோப்பையைக் கீழே வைத்தார், வேறெதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் பனி கடல் மட்டத்திலிருந்து மெல்ல மேலே எழும்பியது, சாயங்காலம் அப்படி எழும்பும். அந்த இடைவெளியில் கப்பல் வந்தது. அடுக்கு அடுக்காக விளக்கு எரிகிற ஜன்னல்கள், சத்தமே இல்லாமல், கரைக்குப் பக்கத்தில், ஒரு தெரு முழுவதும் எழுந்து நடந்து போவதுபோல் போனது. எம்லினின் கண் ஐந்தாவது அடுக்கில் ஒரு ஜன்னலைத் தேடியது.

நெரிஸ் எழுந்து நின்று கை காட்டினாள்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றாள். "அதுல யாரு போறாங்க, எம்லின்?"

அவர் அவளைப் பார்த்தார். கப்பலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல," என்றார்.

அவள் அதற்காகக் கை காட்டுவதை நிறுத்தவில்லை. நானும் எழுந்து நின்று கூடவே கை காட்டினேன்.